படத்துக்கு எத்தனை நட்சத்திரம்?



சென்ற ஞாயிறு மாலை வாலிபர் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், கல்லூரியில் பயிலும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஐயா, நீங்களும் படம் பார்க்கிறவர்தானே? சமீபத்தில் பார்த்தவற்றுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?” சுற்றிலும் நின்றவர்கள் ஆவலோடு திரும்பினார்கள். அருகில் நின்ற மூப்பர் ஒருவருடைய முகமோ சற்றே சுருங்கியது. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் வீடு திரும்பிய பின்பு, அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது என்று தோன்றிற்று. அந்தக் கடன் எப்படி வந்தது என்பதையும், அந்தத் தம்பி கேட்ட நட்சத்திரங்களையும் இந்த வாரத் தியானத்தில் எழுதுகிறேன்.

போதகர் சினிமாவைப் பற்றிப் பேசலாமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த மூப்பரின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். சினிமாக் கொட்டகையின் வாசலை மிதிப்பதே பாவம் என்று கற்பிக்கப்பட்ட வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் அதே வீட்டிலிருந்துதான், ஆலய வளாகத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளை வேட்டி கட்டிக் காட்டப்பட்ட படத்துக்குப் பாயும் போர்வையுமாகக் குடும்பத்தோடு போனோம். தெலுங்கில் 1978-இல் ‘கருணாமயுடு’ என்று வெளிவந்து தமிழில் ‘கருணாமூர்த்தி’ ஆன படம் அது. சிலுவைக் காட்சியில் என் பாட்டி விம்மி அழுததை இன்னும் மறக்கவில்லை. திரையில் ஓடும் படம் மனிதனுடைய உள்ளத்துக்குள் போகும் என்பதைச் சபை அன்றே அறிந்திருந்தது. உள்ளத்துக்குள் போகும் ஒன்றைப் பற்றிப் போதகன் வாய் மூடி இருப்பது சரியல்ல. ஆனால் அவன் வாய் திறப்பதற்கு முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதை நான் ஒருமுறை செய்யாமல் விட்டேன்.

நான் வாசிக்காத உறை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திரைப்படம் வெளிவந்தது. பெயரைத் தவிர்க்கிறேன். அந்தப் படத்திலிருந்து ஒரு நிமிடக் காட்சியை யாரோ கைப்பேசியில் அனுப்பிவைத்தார்கள். குடிபோதையில் ஒருவன் தன் மனைவியை இழிவாகப் பேசி அடிக்கும் காட்சி அது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிரசங்கத்தின் நடுவே அந்தப் படத்தின் பெயரைச் சொல்லி, அதை எடுத்தவர்களுக்கு மனச்சாட்சி உண்டா என்று கேட்டேன். இப்படிப்பட்ட பணத்தில் உண்ணும் சோறு செரிக்குமா என்றும் கேட்டேன். சபை அமைதியாகக் கேட்டது. பலர் தலையசைத்தார்கள். எனக்கும் நன்றாகப் பேசிவிட்ட நிறைவு இருந்தது.

பிரசங்கம் முடிந்தபின் ஸ்தோத்திர காணிக்கை உறைகளைப் பெயர் சொல்லி வாசிப்பது நம் வழக்கம். பிறந்தநாள், திருமண நாள், வேலை கிடைத்தது, காய்ச்சல் நீங்கியது என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ ஓர் உறை. பழக்கமில்லாத கையால் பென்சிலில் எழுதப்பட்டிருந்தது: என் மகனுடைய பெயர் முதன்முறையாகத் திரையில் வந்ததற்காக ரூ. 500. கீழே படத்தின் பெயர். நான் சற்று முன்பு பீடத்திலிருந்து சபித்த அதே பெயர்.

அந்த உறையை நான் வாசிக்கவில்லை. அடியில் வைத்துவிட்டு அடுத்த உறையை எடுத்தேன்.

மூன்றாம் வரிசையில் அந்தத் தாய் அமர்ந்திருந்தார். மகன் சென்னையில் ஒரு படத்தொகுப்பாளரிடம் உதவியாளராக நான்கு ஆண்டுகள் உழைத்தவன். படம் முடிந்தபின் ஓடும் நூற்றுக்கணக்கான பெயர்களில் ஒரு விநாடி அவன் பெயரும் வந்திருந்தது. அந்த ஒரு விநாடிக்காகத்தான் அவர் நன்றி செலுத்த வந்திருந்தார்.

மாதங்கள் கழிந்தபின், உறவினர் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடியது. உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். நான் கண்ட காட்சி அதில் இருந்தது. ஆனால் அந்தக் கணவனுடைய கொடுமையைக் கண்டிப்பதற்கே படம் எடுக்கப்பட்டிருந்தது. எதைக் கண்டிக்க வேண்டும் என்று நான் பீடத்தில் நின்று முழங்கினேனோ, அதையே அந்தப் படம் என்னைக் காட்டிலும் நன்றாகக் கண்டித்திருந்தது.

அந்தத் தாயின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, “படத்தை நல்லா இருக்குன்னு சொல்லணும்னு நான் எதிர்பார்க்கலை ஐயா. பார்த்துட்டு ஏசியிருக்கலாம்” என்றார். மகன் அதன்பின் நம் ஆலயத்துக்கு வரவில்லை.

முதலாவது, வந்து பார்த்தல்

நாசரேத்து என்ற ஊரைப் பற்றி நாத்தான்வேல் கொண்டிருந்த அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து நல்லது எதுவும் வராது என்று எண்ணினான். இக்கால வழக்கில் சொன்னால், அந்த ஊருக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லை. பிலிப்பு அவனோடு வாதிடவில்லை. வந்து பார்க்கும்படி அழைத்தான். நாத்தான்வேலின் பெருமை எதில் இருக்கிறது? தவறான அபிப்பிராயம் கொள்ளாததில் இல்லை. அந்த அபிப்பிராயத்தோடேயே எழுந்து நடந்து போய்ப் பார்த்ததில் இருக்கிறது. நான் அந்த ஞாயிறன்று எழுந்து நடக்காத நாத்தான்வேலாக இருந்தேன்.

பார்க்காமல் பேசுவது ஒரு பிழை. பாதி பார்த்துவிட்டுப் பேசுவது அதனுடைய தம்பி. இடைவேளையிலேயே கைப்பேசியை எடுத்து, படம் தேறாது என்று குடும்பக் குழுவில் எழுதிவிடுகிறோம். முதல் நாள் முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கி நீட்டப்படுகிறது. இன்னும் மூச்சுவிடாத மனிதன் தீர்ப்புச் சொல்கிறான். 2024 நவம்பரில் இந்தக் கூச்சல் ஓர் எல்லைக்குப் போயிற்று. திரையரங்க வளாகத்தில் யூடியூப் சேனல்கள் பொதுமக்கள் கருத்தைப் பதிவு செய்ய அனுமதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. விமர்சனங்களுக்குச் சில நாள்கள் தடை வேண்டும் என்று வழக்கும் தொடர்ந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. மறுத்தது சரியே என்று நானும் நினைக்கிறேன். காசு கொடுத்துப் பார்த்தவனுடைய வாயைச் சட்டத்தால் கட்டக் கூடாது. ஆனால் சட்டம் கட்டாத நாவை மனிதன் தானே கட்டிக்கொள்ளலாம் அல்லவா?

அவசரத் தீர்ப்பு ஒரு படத்தை எப்படித் தொடுகிறது என்பதற்கு ‘மெய்யழகன்’ ஓர் எடுத்துக்காட்டு. ச. பிரேம்குமார் இயக்கத்தில் 2024 செப்டம்பர் 27 அன்று வெளிவந்த படம் இது. நீளம் அதிகம் என்ற முணுமுணுப்பு முதல் நாளிலேயே எழுந்தது. சில நாள்களுக்குள் சுமார் 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. பூர்வீக வீட்டை இழந்து தஞ்சையை விட்டுப் போனவன், ஒரு திருமணத்துக்காக இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறான். அங்கே ஒரு உறவினன் அவனை அன்பால் மூழ்கடிக்கிறான். வந்தவனுக்கோ அந்த உறவினனின் பெயரே நினைவில் இல்லை. கேட்கவும் கூசுகிறது. இரவு முழுவதும் அவன் வீட்டில் தங்கி, உண்டு, பேசிச் சிரித்துவிட்டு, பெயர் தெரியாத குற்ற உணர்வு தாளாமல் விடியும் முன் சொல்லாமல் கிளம்பிவிடுகிறான். முன்பு எப்போதோ அவன் விட்டுச் சென்ற ஒரு பழைய மிதிவண்டிதான் அந்தக் குடும்பத்தைத் தூக்கிவிட்டது என்பதைக் கேட்டபோது அவன் கூனிக் குறுகுவதை அரவிந்த்சாமி கண்களாலேயே நடித்திருக்கிறார். கார்த்தி அந்தப் பெயரில்லாத அன்பைச் சுமந்திருக்கிறார்.

இந்தப் படம் மெதுவாகத்தான் போகிறது. உறவும் அப்படித்தானே போகிறது. ஆலய வாசலில் நின்று கைகுலுக்கும்போது, பெயர் நினைவுக்கு வராத எத்தனை முகங்களுக்கு நான் “நல்லா இருக்கீங்களா?” என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்! சில பேச்சுக்கள் நீண்டு, சொன்னதையே சொல்கின்றன என்பது உண்மை. அதற்காக அரை நட்சத்திரம் குறைக்கிறேன். ‘மெய்யழகன்’ படத்துக்கு என் மதிப்பு 5-க்கு 4.5.

இரண்டாவது, ஒரே படிக்கல்

திரைப்படத்துக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் ஏறத்தாழ நூறு ஆண்டுப் பழமை உடையது. 1928 ஜூலையில் நியூயார்க் நகரின் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழில் ஐரீன் தைரர் என்ற பெண்மணி அதைத் தொடங்கினார். அவர் முதலில் மதிப்பிட்ட படத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். நம் நாட்டில் ‘ஆனந்த விகடன்’ பள்ளிக்கூட வாத்தியாரைப் போல நூற்றுக்கு மதிப்பெண் போட்டது. 1977-இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ 62.5 பெற்றதை அந்தக் காலத்து வாசகர்கள் இன்றும் சொல்வார்கள். பரீட்சையில் 62.5 வாங்கினால் வீட்டில் திட்டு விழும். அங்கேயோ அது மகுடம். ஏன்? அந்தக் கை எல்லாருக்கும் அளந்தே போட்டது. அளந்து போடும் கையிலிருந்து வரும் எண்ணுக்குத்தான் மதிப்பு.

வேதாகமம் கள்ளத்தராசைப் பற்றிப் பல இடங்களில் பேசுகிறது. வாங்குவதற்கு ஒரு படிக்கல், விற்பதற்கு ஒரு படிக்கல் என்று பையில் இரண்டு வகை வைத்திருப்பது ஆண்டவருக்கு அருவருப்பு. நம் பையைச் சோதித்துப் பார்ப்போம். நமக்குப் பிடித்த நடிகருடைய படம் என்றால் கதையின் ஓட்டைகள் நம் கண்ணில் படுவதில்லை. பிடிக்காதவருடைய படம் என்றால் படம் வெளிவருமுன்பே மூன்று குறைகள் தயாராக இருக்கும். கிறிஸ்தவப் பாத்திரம் ஒன்று நல்லவராக வந்தால் ஒரு நட்சத்திரம் கூட்டுகிறோம். கெட்டவராக வந்தால் இரண்டு குறைக்கிறோம். நம்மில் கெட்டவர்களே இல்லையா?

ஒரே படிக்கல்லால் நிறுக்க முயன்ற மூன்று படங்களைச் சொல்கிறேன்.

‘லப்பர் பந்து’, தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். 2024 செப்டம்பர் 20 அன்று வந்தது. விளம்பர ஆரவாரத்தைக் காட்டிலும் பார்த்தவர்கள் அண்டை வீட்டாரிடம் சொன்னதே இதைத் தூக்கி நிறுத்தியது. ஊர்ப்புற ரப்பர் பந்துக் கிரிக்கெட்டில் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் இருவர் பெண்ணின் தகப்பனாகவும் அவளை மணக்க விரும்புகிறவனாகவும் எதிரெதிரே நிற்கிறார்கள். யார் பெரியவர் என்ற வீம்புதான் கதை. சீஷர்களுக்குள்ளேயே எழுந்த கேள்வி அல்லவா அது! ஆனால் என்னைக் கவர்ந்தவர்கள் பெண்கள். ஆண்களின் வீம்புக்கு விலை கொடுக்கிறவர்கள் மனைவியும் மகளுமே என்பதைப் படம் மறக்கவில்லை. திறமையுள்ள ஒருவனைச் சாதியின் பெயரால் அணிக்கு வெளியே நிறுத்தும் ஊர் வழக்கத்தையும் பிரசங்கமாக்காமல் விளையாட்டின் ஊடாகவே காட்டிவிடுகிறது. 5-க்கு 4.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’, அபிஷன் ஜீவிந்தின் முதல் படம். 2025 மே 1 அன்று, பெரிய நட்சத்திரமான சூர்யாவின் ‘ரெட்ரோ’ வெளியான அதே நாளில் வந்தது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பிக் கடல் கடந்து வரும் ஒரு தமிழ்க் குடும்பம், தாங்கள் யார் என்பதை மறைத்துச் சென்னைக் குடியிருப்பு ஒன்றில் வாழ்கிறது. தாய்மொழியையே, அது தமிழாகவே இருந்தும், உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி அடக்கிக்கொள்ள வேண்டிய நிலை நெஞ்சைத் தொடுகிறது. ஒருவரையொருவர் அறியாத அண்டை வீட்டார், வந்தேறிகளான இவர்களால் அறிமுகமாகிறார்கள். பெரிய படத்தோடு ஒரே நாளில் வந்த சிறிய படம் என்பதற்காக இதற்கு இரக்கப்பட்டு நான் நட்சத்திரம் கூட்டவில்லை. நன்மை இதில் சற்று எளிதாகவே வெல்கிறது. அகதியாக வந்தவருடைய வாழ்க்கை இவ்வளவு இனிப்பாக முடிவதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 5-க்கு 3.5. ஆயினும் குடும்பத்தோடு பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் தெருவில் பெயர் தெரியாத வீடுகள் எத்தனை என்று எண்ணுங்கள்.

‘வாழை’, மாரி செல்வராஜ் தம் சிறுவயது நினைவுகளிலிருந்து எடுத்த படம். 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்தது. பள்ளிக்கூடத்தை நேசிக்கும் சிறுவன் சிவனணைந்தான், கடனுக்காக விடுமுறை நாள்களில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டியிருக்கிறது. கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பதற்கு எத்தனை துணிவு வேண்டும் என்பதை இந்தப் படத்தில் கண்டேன். தாமிரபரணிக் கரையின் பச்சைக்குள்ளே இருக்கும் பசியை இவ்வளவு கிட்டத்தில் யாரும் காட்டியதில்லை. ஆசிரியை மீது அச்சிறுவனுக்கு இருக்கும் பிரியத்தைக் காட்டும் பகுதி வேண்டியதைவிட நீள்கிறது என்பது என் குறை. 5-க்கு 4.

ஆனால் இந்தப் படத்துக்கு என்னைவிடத் தகுதியுள்ள ஒருவர் மதிப்புச் சொல்லியிருக்கிறார். வாழைத்தோட்டங்களில் இளவயது முழுவதும் தார் சுமந்த அம்மா ஒருவர் நம் சபையில் இருக்கிறார். பேரன் கைப்பேசியில் காட்ட, பார்த்திருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்டேன். பிடரியைத் தடவிக்கொண்டே, “கழுத்து வலியைச் சரியா எடுத்திருக்காங்க ஐயா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதிய பத்தி முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்தால், எது கனம் என்று உங்களுக்கே தெரியும். மதிப்புச் சொல்வதற்கு நட்சத்திரங்கள் தேவையில்லை. தான் அறிந்ததை, அறிந்த அளவுக்கு, உண்மையாகச் சொன்னால் போதும்.

மூன்றாவது, படம் நம்மை நிறுத்தல்

தாவீது ராஜா ஒரு கதை கேட்டார். ஏராளமான ஆடுகளை உடைய செல்வன், தன் விருந்துக்காக ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்ட கதை. தாவீது கொதித்தெழுந்து அந்தச் செல்வனுக்குக் கடுமையான தீர்ப்புச் சொன்னார். கதையில் குறை காண ஒன்றுமில்லை. பாத்திரத்தின் மீதுதான் கோபம். அப்போது நாத்தான் தீர்க்கதரிசி, அந்தச் செல்வன் வேறு யாருமல்ல, ராஜாவே என்று சுட்டிக்காட்டினார். தாவீது கதையை நிறுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், கதை தாவீதை நிறுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு அது ‘கொட்டுக்காளி’ படத்தில் நேர்ந்தது. ‘கூழாங்கல்’ படத்துக்காக ரோட்டர்டாம் விழாவில் 2021-இல் புலி விருது பெற்ற பி.எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படம் இது. ‘வாழை’ வெளியான அதே நாளில்தான் வந்தது. இதில் பின்னணி இசை கிடையாது. மீனா என்ற பெண் வேறு சாதியைச் சேர்ந்த ஒருவனை விரும்பிவிட்டாள். அவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று முடிவு செய்த குடும்பம், ஷேர் ஆட்டோவிலும் இருசக்கர வண்டிகளிலுமாகப் புறப்பட்டு அவளைப் பூசாரி ஒருவரிடம் அழைத்துப் போகிறது. அவளை மணக்க இருக்கும் பாண்டி, வழியில் அவள் ஒரு பாட்டை முணுமுணுத்ததற்காகவே வெறிகொண்டு அடிக்கிறான். மீனா ஏறக்குறைய முழுப் படமும் வாய் திறப்பதில்லை. சாலையை மறித்து நிற்கும் காளைக்கு அஞ்சி ஆண்கள் எல்லாரும் ஒதுங்கி நிற்க, ஒரு சிறுமி வந்து அதை எளிதாக ஓட்டிப் போகிறாள். பூசாரியின் இடத்தை அடைந்ததும், தங்களுக்கு முன்னே வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்க்கிறான். அவன் என்ன முடிவு செய்தான் என்பதைச் சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது.

படம் முடிந்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. முடிவே இல்லையே, இதற்கு இரண்டு நட்சத்திரம் போதும் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து ஒன்று மட்டும் கேட்டாள்: “நம் வீட்டு முன்னறைக்கு அழைத்து வந்தார்களே, அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்?”

பிரியமானவர்களே, இதை உங்களுக்கு எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஒரு குடும்பம் தங்கள் மகளை என்னிடம் அழைத்து வந்தது. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, ஏதோ அசுத்த ஆவியின் கட்டு இருக்கிறது, ஜெபிக்க வேண்டும் என்றார்கள். அவள் ஒருவனை விரும்பினாள் என்பதும், அவன் ‘நம்ம ஆட்கள்’ அல்ல என்பதும் பின்பு பேச்சோடு பேச்சாக வந்தது. இரு குடும்பங்களும் ஒரே வேதத்தை வாசிக்கிறவைதான். நான் என்ன செய்தேன்? அவள் தலைமேல் கைவைத்து உரத்த குரலில் ஜெபித்தேன். அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ‘உனக்கு என்னம்மா வேண்டும்?’ என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. மீனாவைப் போலவே அவளும் வாய் திறக்காமல் எழுந்து போனாள்.

பூசாரியின் இடத்தைத் திரையில் கண்டு முகம் சுளித்தவன் நான். அந்தத் திண்ணை என் வீட்டிலும் இருந்திருக்கிறது. இயக்குநர் முடிவைச் சொல்லாமல் விட்டது குறையென்று நினைத்தேன். பாண்டி என்ன செய்யப் போகிறான் என்பது அவர் சொல்ல வேண்டியது அல்ல. திண்ணையில் அமர்ந்திருக்கிற நாம் சொல்ல வேண்டியது.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மறுவாரம் போனேன். வேறு மாவட்டத்தில் மணமுடித்துக் கொடுத்துவிட்டார்கள். தொலைபேசி எண் வாங்கிப் பேசினேன். தயங்கித் தயங்கித்தான் பேசினாள். அன்று உன்னைக் கேட்காமல் ஜெபித்தது என் தவறு என்றேன். நீண்ட மௌனத்துக்குப் பின், “பரவாயில்லை ஐயா” என்றாள். பரவாயில்லை என்ற சொல்லுக்குள் எவ்வளவு இருக்கும் என்பதைப் போதகனாக இத்தனை ஆண்டு இருந்தும் அன்றுதான் அறிந்தேன்.

‘கொட்டுக்காளி’ படத்துக்கு அன்றிரவு நான் சொன்னது 2. இன்று சொல்வது 4.5. ஒரே படம், ஒரு காட்சியும் மாறவில்லை. இடையில் மாறியது நான். முதல் நாள் மதிப்பை மட்டும் நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

வாலிபருக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள். நான் பெயர் சொன்ன படங்கள் எல்லாம் எல்லா வயதினருக்கும் ஏற்றவை அல்ல. ‘கொட்டுக்காளி’ படத்தைச் சிறுபிள்ளைகளோடு அமர்ந்து பார்க்க இயலாது. படத்தின் தொடக்கத்தில் காட்டப்படும் தணிக்கைச் சான்றிதழைக் கவனியுங்கள். 2024 முதல் யு/ஏ பிரிவு 7+, 13+, 16+ என்று வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெற்றோருக்கு அது உதவி. ஆனால் சான்றிதழ் வயதைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. தரத்தைப் பிள்ளைகளோடு பேசித்தான் அறிய வேண்டும். பார்க்காதே என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் தகப்பனைக் காட்டிலும், பார்த்துவிட்டு ‘உனக்கு எப்படி இருந்தது?’ என்று கேட்கும் தகப்பனே பிள்ளையின் மனதுக்குள் போகிறான்.

சினிமா பார்ப்பதில்லை என்று தீர்மானித்திருக்கும் மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தீர்மானத்தில் உறுதியாக இருங்கள். அதை யாரும் குறைவாக எண்ண வேண்டாம். பார்க்காத படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதிருப்பதும் அந்தத் தீர்மானத்தின் ஒரு பகுதியாக இருக்கட்டும்.

படங்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். உணவகத்துக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும், வீட்டுக்குப் பொருள் கொண்டுவரும் பிள்ளைக்கும் கட்டைவிரலால் நட்சத்திரம் போடுகிறோம். பாடகர் குழுவுக்கும், புதிய மருமகளுக்கும், போதகருக்கும் மனதுக்குள் போடுகிறோம். போடுவதற்கு முன் முழுவதும் பார்த்தோமா? எல்லாருக்கும் ஒரே படிக்கல்லா? அந்த மனிதரை நிறுக்கும்போது நம் தட்டில் என்ன இருக்கிறது? இம்மூன்றையும் இந்த வாரம் கேட்டுப் பார்ப்போம்.

வாசிக்காமல் விட்ட அந்த உறை இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. பென்சில் எழுத்து சற்று மங்கிவிட்டது. சென்ற மாதம் அந்தத் தம்பி தன் தங்கையின் திருமணத்துக்காக ஊருக்கு வந்திருந்தான். இப்போது தனியாகவே ஒரு படத்தைத் தொகுத்துக்கொண்டிருக்கிறானாம். என்னைக் கண்டு வணங்கிவிட்டு, “என்ன படம் பார்த்தீங்க ஐயா?” என்று மட்டும் கேட்டான். கேலியா, அன்பா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. நான் பார்த்தவற்றைச் சொன்னேன். ‘மெய்யழகன்’ நீளமா என்பதைப் பற்றிப் பந்தலில் நின்றபடியே வெகுநேரம் பேசினோம்.

மறுநாள் அவன் தாயிடம், அந்த உறையை வருகிற ஞாயிறன்று சபைக்கு முன்பாக வாசிக்கட்டுமா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “இப்ப வேண்டாம் ஐயா. அவன் வர்ற ஞாயித்துக்கிழமை வாசிங்க.”

அந்த ஞாயிறுக்காக நான் காத்திருக்கிறேன். நீங்களும் என்னோடு ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அன்பின் பிதாவே, காணாததைக் கண்டதாகச் சொல்லாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். பிறருடைய உழைப்பை நேர்மையாக நிறுக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்களால் மௌனமானவர்கள் மீண்டும் பேசவும், நாங்கள் அமர்ந்து கேட்கவும் கிருபை செய்யும். ஆமென்.